திரும்பத் திரும்பச் சீழ் கோக்கும் மயிர்க்கால்கள்: எல்லாம் ஒரே நோய்தானா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களாக என்னை விட்டு அகலாத ஒரு தோல் தொல்லையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டாலும் பொறுத்துப் படித்து, அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நான் வாரத்தில் ஐந்து நாட்கள் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவன். அதற்காக உடலை ஒட்டிய கால்சட்டை அணிவதும், வாரம் ஒருமுறை தொடைகளை மழித்துக்கொள்வதும் வழக்கம். நான்கு மாதங்களுக்கு முன் தொடைகளின் முன்புறத்திலும் பிட்டத்திலும் கடுகளவு சிவந்த புள்ளிகள் கிளம்பின. தொட்டால் வலித்தது. இரண்டே நாட்களில் ஒவ்வொன்றின் உச்சியிலும் வெண்மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொண்டது. விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளின் நடுவிலும் ஒரு முடி சீழைத் துளைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. குடும்ப மருத்துவர் இது மயிர்க்கால் அழற்சி என்று சொல்லி, ஏழு நாட்களுக்குச் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் நாளே தோல் அடங்கிவிட்டது. மூன்று வாரங்கள் கழிவதற்குள் அதே இடங்களில் மீண்டும் வந்தது. மறுபடியும் அதே மாத்திரை. பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்.

டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டிருந்த மூன்றாம் வாரத்தில்தான் என்னைக் குழப்பிய மாற்றம் நேர்ந்தது. தொடையில் இருந்தவை குறைந்துகொண்டு வந்த அதே நாட்களில், தோள்களிலும் முதுகின் மேற்பகுதியிலும் மார்பிலும் புதிதாகச் சிறு பருக்கள் கூட்டமாக எழும்பின. அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவு. வலி இல்லை; ஆனால் வியர்த்துவிட்டால் நமைச்சல் தாங்க முடியவில்லை, இரவில் உறக்கம் கலைகிறது. நண்பர் ஒருவர் தமக்குக் கேட்டது என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். அதைத் தடவிய மூன்று நாட்கள் நமைச்சல் மறைந்தே போயிற்று. இரண்டு வாரத்தில் பருக்கள் கழுத்துவரை ஏறிவிட்டன.

தொடையில் வந்ததும் முதுகில் வந்திருப்பதும் ஒரே நோய்தானா? ஒரே நோய் என்றால் ஒரே மருந்து ஓரிடத்தில் கேட்டு மற்றோரிடத்தில் கேட்காமல் போவது எப்படி? சீழை நானே பிதுக்கி எடுத்துவிடலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அதற்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் பத்து நாட்களாகத் தூக்கிக் கொஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டேன். இந்தக் கடைசிக் கேள்விக்காவது யாராவது விரைவில் பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்சங்கு (பதில்)

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தூக்குங்கள். சீழ் உள்ள இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கினால் போதும். துண்டு, சவரக் கத்தி, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளாமல் இருந்தாலே, சீழ் மூலம் பரவும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும். முதுகில் வந்திருப்பது நான் ஊகிக்கும் வகையாக இருந்தால் அது தொற்றவே தொற்றாது.

நான் தோல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நேரில் பாராமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆயினும் நீங்கள் விவரித்திருக்கும் முறையிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. வலி, நடுவில் முடி, மழித்த இடம் என்பது ஒரு படம். நமைச்சல், ஒரே அளவு, உடலின் மேற்பகுதி, ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதே தோன்றியது என்பது இன்னொரு படம். இவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நோய்கள்; இரண்டுக்கும் மயிர்க்கால் அழற்சி என்ற பெயர் பொதுவாக இருப்பதுதான் குழப்பத்திற்குக் காரணம்.

மயிர்க்கால் என்பது தோலுக்குள் இறங்கும் ஒரு குறுகிய குழாய். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக உடல் முழுவதும் ஏறக்குறைய 50 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி உள்ள இடங்களும் இதில் அடக்கம். குழாயின் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி திறக்கிறது. அதற்குக் கீழே, குளிரில் மயிர் சிலிர்க்கச் செய்யும் சிறு தசை ஒட்டியிருக்கிறது. அந்தத் தசை ஒட்டும் இடத்தருகே புது முடியை உருவாக்கும் மூல உயிரணுக்கள் வாழ்கின்றன. அழற்சி குழாயின் வாயோடு நின்றுவிட்டால் தழும்பின்றி ஆறி, முடியும் வழக்கம்போல் வளரும். அழற்சி ஆழத்தில் இறங்கி அந்த மூல உயிரணுக்களை அழித்துவிட்டால், அவ்விடத்தில் தழும்பு விழுந்து முடி நிரந்தரமாகப் போய்விடும். எனவே எத்தனை பருக்கள் என்று எண்ணுவதைவிட எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதே எங்களுக்கு முதன்மையான கேள்வி.

தொடையில் வந்ததற்கு மிகச் சாதாரணமான காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-களின் தொடக்கத்தில் சீழ்க்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாகத் தெரிந்த உருண்டைகளுக்கு, கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பெயரைச் சூட்டினார். அந்தப் பாக்டீரியா ஏறத்தாழ பத்தில் மூன்று பேருடைய மூக்கினுள் எந்தத் தொல்லையும் செய்யாமல் குடியிருக்கிறது. மழிக்கும் கத்தி மயிர்க்காலின் வாயில் கண்ணுக்குப் புலப்படாத கீறலை உண்டாக்குகிறது. இறுகிய துணி அங்கே வியர்வையையும் உராய்வையும் சேர்க்கிறது. மூக்கைத் தொட்ட விரல் தொடையைத் தொடுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தேவை. மாத்திரை குழாயில் இருந்ததைக் கொன்றது. கத்தியும் கால்சட்டையும் மூக்கும் அப்படியே இருந்தன. அதனால்தான் மூன்று வாரத்தில் திரும்பியது. இதில் மருந்தின் குறை எதுவும் இல்லை.

இதுவே ஒரு மயிர்க்காலின் அடிவரை இறங்கிச் சுற்றுத் திசுவையும் பழுக்க வைத்தால், பேச்சில் சூட்டுக்கட்டி என்று சொல்லும் கட்டியாகிறது. அருகருகே உள்ள பல மயிர்க்கால்கள் ஒன்றாகப் பழுத்து உள்ளுக்குள் இணைந்து, சல்லடைக் கண் போலப் பல வாய்களில் சீழ் வடிந்தால் அது ராஜபிளவை. பிடரியிலும் முதுகிலும் வரும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். கட்டியில் சீழ் சேர்ந்துவிட்ட பிறகு மாத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஏனென்றால் இரத்த ஓட்டமில்லாத சீழ்ப்பைக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே அங்கே முதன்மைச் சிகிச்சை.

இனி முதுகுக்கு வருகிறேன். மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழ்கிறது. தானாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்க அதனால் முடியாது. ஆகவே எண்ணெய்ச் சுரப்பிகள் செறிந்த தோள், முதுகு, மார்பு, நெற்றி ஆகிய இடங்களில் மயிர்க்காலுக்குள் குடியிருந்து நம் எண்ணெயை உண்கிறது. சாதாரண நாட்களில் அதோடு போட்டியிடும் பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைக்கின்றன. நீங்கள் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் எடுத்தபோது அந்தப் போட்டி விலகியது, வியர்வையும் சேர்ந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. முகப்பரு என்று எண்ணி இதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் எடுத்துவிட்டு, மோசமாகிக்கொண்டே போகிறதே என்று வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது வலிக்கிறதா, நமைக்கிறதா என்பதுதான். கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் கலந்து, அளவு வேறுபட்டிருந்தால் முகப்பரு. அவை எதுவும் இல்லாமல் ஒரே அளவாக நமைத்தால் பூஞ்சையைத் தேட வேண்டும்.

உறுதிசெய்யும் பரிசோதனைகள் எளியவை. தொடையில் புதிதாகத் தோன்றிய, உடையாத ஒரு கொப்புளத்தின் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது சில நாட்களில் தெரியும். மெத்திசிலின் என்னும் ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸாக இருந்தால் செஃபலெக்சின் பயன்படாது என்பதும் அதில்தான் தெரிய வரும். முதுகுப் பருவின் உள்ளடக்கத்தைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துப் பார்த்தால் ஈஸ்ட் அணுக்கள் கொத்தாகத் தெரியும். மூக்கினுள்ளிருந்தும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை முறை திரும்பி வந்திருப்பதால், சர்க்கரை நோய் இதுவரை அறியப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்துகொள்வது நல்லது.

பரிசோதனைக்குச் செல்லும்வரை மழிப்பதை முற்றிலும் நிறுத்துங்கள். பயிற்சி முடிந்தவுடன் கால்சட்டையைக் கழற்றிக் குளியுங்கள். அதே ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். தொடையில் வலிக்கும் இடங்களுக்கு, சூடு பொறுக்கும் அளவுக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் வரை, நாளுக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுங்கள். குழாயின் வாய் இளகிச் சீழ் தானாக வழிந்துவிடும். ஒத்தடத் துணியை அன்றன்றே வெந்நீரில் துவைத்துவிட வேண்டும்.

பிதுக்க வேண்டாம். வெளியே வருவது கொஞ்சம். குழாயின் சுவர் கிழிந்து உள்ளே இறங்குவது அதிகம். குறிப்பாக மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் பிதுக்கவே கூடாது, ஏனெனில் அங்குள்ள சிரைகள் (இரத்தக் குழாய்கள்) மண்டையோட்டுக்குள் இருக்கும் சிரைக்குழியோடு தொடர்புடையவை; அவற்றின் வழியே தொற்று உள்ளே போய்விடலாம்.

காய்ச்சல், மணிக்கு மணி விரியும் சிவப்பு, தொடை இடுக்கில் நெறி கட்டுதல், உறங்கவிடாத வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் முன்பதிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கற்பூரவள்ளி (பதில்)

நான் மருந்தாளுநர். உங்கள் நண்பர் கொடுத்த களிம்பைப் பற்றி மட்டும் எழுத வந்தேன். குழாயின் மீதுள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டெராய்டு. இத்தகைய கலவைக் களிம்புகளில் ஸ்டெராய்டோடு ஒரு பூஞ்சைக்கொல்லியும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருப்பதைப் பார்த்து, எது வந்தாலும் கேட்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். மூன்று நாளில் நமைச்சல் போனது ஸ்டெராய்டின் வேலை. அது தோலின் எதிர்ப்பை அடக்கியது. நமைச்சல் என்பது அந்த எதிர்ப்பின் ஓசை. ஓசை நின்றதும் பூஞ்சைக்கு எதிர்ப்பின்றி இடம் கிடைத்தது, கழுத்துவரை ஏறிவிட்டது. தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் இதைப் பல வாரங்கள் தடவினால் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற வரிகள் விழுகின்றன. அவை பிறகு மறைவதில்லை. இதைக் கண்முன் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒருவருக்குக் கேட்ட களிம்பை அன்பினால் இன்னொருவருக்குக் கொடுப்பதை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

நீங்கள் இரண்டு வாரம்தான் தடவியிருக்கிறீர்கள் என்பதால் பெரும் பாதிப்பு இருக்காது. ஆனால் நிறுத்தியதும் சில நாட்களுக்கு நமைச்சலும் சிவப்பும் முன்பைவிட அதிகமாகத் தோன்றலாம். அதைக் கண்டு மீண்டும் அதே குழாயை எடுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குழாயையும், இதுவரை எடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். களிம்பு தடவிய விவரத்தைச் சொல்லாவிட்டால், உருமாறிப்போன தோலைப் பார்த்து அவரும் தடுமாற நேரும்.

மருத்துவர் எழுதக்கூடியவற்றைப் பற்றி ஓரிரு நடைமுறைச் செய்திகள். ம்யூபிரோசின் என்னும் 2 சதவீத ஆன்டிபயாட்டிக் களிம்பு சீழ் உள்ள சில இடங்களுக்கு ஏற்றது. பொதுவாகப் பத்து நாட்களுக்கு மேல் தடவுவதில்லை, வீட்டில் வைத்துக்கொண்டு நினைத்தபோதெல்லாம் தடவினால் கிருமி அதற்குப் பழகிவிடும். மண்ணில் வாழும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து கண்டறியப்பட்ட மருந்து அது; அதற்கு மாற்றாகச் சொல்லக்கூடிய பூச்சு மருந்துகள் நம்மிடம் அதிகம் இல்லை, ஆகவே அளவோடு காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பென்சாயில் பெராக்சைடு கழுவல் கொடுத்தால், அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் வெள்ளைத் துண்டையே பயன்படுத்துங்கள். கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் கழுவல் கண்ணிலும் காதினுள்ளும் படக்கூடாது. பூஞ்சைக்கொல்லியான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை முதுகுக்குச் சொன்னால், தடவியவுடன் கழுவிவிடாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நுரையோடு விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லாமல் பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டால், மருந்து கேட்கவில்லை என்று இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறார்கள்.

இன்னொன்று. கீட்டோகோனசோலை மாத்திரையாக விழுங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் மாத்திரை வடிவப் பூஞ்சைச் சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொன்னது. அமெரிக்காவிலும் அதே ஆண்டு கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். மாத்திரை வேண்டியிருந்தால் மருத்துவர் இட்ராகோனசோலோ ஃப்ளூகோனசோலோ எழுதுவார். இட்ராகோனசோல் காப்ஸ்யூலை உணவோடு எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மருந்துகளோடு சேர்த்தால் உறிஞ்சப்படுவது குறையும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் சிலவற்றோடு அது சேரவே கூடாது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் ஆகாது. எனவே வேறு என்ன மருந்து எடுத்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆறாவது கட்டி (பதில்)

என் பெயரே என் வரலாறு. ஓராண்டில் ஐந்து கட்டிகள் வந்து, ஆறாவதாக இடது அக்குளில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று வந்தபோதுதான் முதன்முறையாக ஒருவர் என் மூக்கைப் பார்த்தார். அதுவரை ஒவ்வொரு முறையும் கீறிச் சீழ் எடுப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், ஆறும். நானும் இதோடு முடிந்தது என்று நம்புவேன். கீறிய பள்ளத்தில் மருந்துத் துணியைத் திணித்து, மறுநாள் அதை உருவும்போது எழும் வலியை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அதே ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தது. ஐந்து நாட்கள், காலையும் இரவும், அரைப் பட்டாணி அளவு ம்யூபிரோசின் களிம்பை இரு நாசித் துளைகளிலும் தடவி, மூக்கின் பக்கங்களை மெதுவாக அழுத்திப் பரப்பச் சொன்னார்கள். அதே ஐந்து நாட்களும் கழுத்துக்குக் கீழே குளோர்ஹெக்சிடின் கழுவலால் குளியல். என் மனைவிக்கும் மகளுக்கும் கட்டி எதுவும் வந்ததில்லை. இருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்துச் செய்தோம், ஏனென்றால் ஒருவர் மூக்கிலிருந்து மற்றவர் மூக்குக்கு அது திரும்பிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். தலையணை உறை, துண்டு, உள்ளாடை எல்லாவற்றையும் நாள்தோறும் வெந்நீரில் துவைத்தோம். சவரக் கத்தியைத் தூக்கி எறிந்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகளில் ஒரேயொரு சிறு கட்டி மட்டும் வந்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மூக்கில் கிருமி மீண்டும் குடியேறுவது உண்டு என்று எனக்கும் எச்சரித்திருக்கிறார்கள். நெடுவழி அவர்களே, மூன்றாவது ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவதற்கு முன் மூக்குப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் ஓராண்டை இழந்தேன்.

வெண்சங்கு (பதில்)

ஆறாவது கட்டி அவர்களின் அனுபவத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் ஆகிய இடங்களிலேயே மாறி மாறிக் கட்டி வந்து, தோலுக்கடியில் சுரங்கம் போல ஒன்றோடொன்று இணைந்து, கயிறு போன்ற தழும்புகளை விட்டுச் சென்றால் அது ஸ்டஃபைலோகாக்கஸ் கட்டியாக இராது. ஹைட்ராடெனைட்டிஸ் சுப்புரட்டிவா என்ற வேறொரு நீடித்த அழற்சி நோய் அது. மயிர்க்கால் அடைபட்டு உள்ளுக்குள் உடைவதால் வருவது. தூய்மைக் குறைவால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. அதற்கான சிகிச்சைப் பாதையே வேறு. அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிமருந்துகள் வரை இன்று உண்டு. உடலை அழுக்காக வைத்திருப்பவர் என்ற பழியைச் சுமந்துகொண்டு, வெட்கத்தால் பல ஆண்டுகள் மருத்துவரிடம் காட்டாமலே இருந்தவர்களை நான் அறிவேன். இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் இது பொருந்தினால் தயவுசெய்து காட்டுங்கள்.

சுருள்முடி (பதில்)

தொடையை மழிப்பவர் என்பதால் ஒரு செய்தி. எனக்குத் தாடிப் பகுதியிலும் கழுத்திலும் மூன்று ஆண்டுகளாக இருந்த சிவந்த முடிச்சுகளுக்குக் கிருமியே காரணமில்லை என்று பின்னர்தான் தெரிந்தது. சுருள் முடியை ஒட்ட மழிக்கும்போது அதன் முனை ஈட்டி போலக் கூர்மையாகிறது; வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி இறங்குகிறது; உடல் அதை வேற்றுப் பொருளாகக் கருதி வீங்குகிறது. பார்வைக்கு மயிர்க்கால் தொற்று போலவே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், தோலுக்கடியில் வளையமாகச் சுருண்ட முடி கருநூல் போலத் தெரியும்.

எனக்கு மருந்தைவிட மழிக்கும் முறையை மாற்றியதே உதவியது. ஒரு மாதம் முழுவதும் மழிக்கவில்லை. பிறகு வெந்நீர்க் குளியல் முடிந்து முடி மென்மையாக இருக்கும்போது, தோலை இழுத்துப் பிடிக்காமல், முடி வளரும் திசையிலேயே, ஒரே அலகுள்ள கத்தியால், ஒரு இடத்தில் ஒருமுறைக்கு மேல் ஓட்டாமல் மழிக்கத் தொடங்கினேன். இப்போது அதையும் விட்டுவிட்டு, ஒரு மில்லிமீட்டர் முடியை மிச்சம் வைக்கும் மின்கருவியைத்தான் பயன்படுத்துகிறேன்.

நெடுவழி (ஏழு வாரங்களுக்குப் பின்)

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைப் பதிவு செய்வது என் கடமை.

தோல் மருத்துவர் நான் கொண்டுபோன களிம்புக் குழாயைப் பார்த்ததும் தலையை அசைத்தார். அதில் குளோபெட்டசால் இருந்தது. முதுகிலிருந்து சுரண்டி எடுத்ததை அங்கேயே நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னஞ்சிறு உருண்டைகள், சிலவற்றில் மொட்டு விட்டது போல இன்னொரு உருண்டை ஒட்டிக்கொண்டு. மலசீசியா அதுதான். தொடைச் சீழில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது; நல்லவேளையாக வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை. மூக்கிலும் அதுவே இருந்தது. சர்க்கரை இல்லை.

டாக்ஸிசைக்ளினையும் களிம்பையும் நிறுத்தினார். முதுகுக்கு இரண்டு வாரம் இட்ராகோனசோல், நாள்தோறும் கீட்டோகோனசோல் நுரை. மூக்குக்கு ஐந்து நாள் ம்யூபிரோசின். தொடைக்கு மாத்திரையே கொடுக்கவில்லை. பென்சாயில் பெராக்சைடு கழுவல், தளர்ந்த உடை, மழிப்பதற்குத் தடை, அவ்வளவுதான். களிம்பை நிறுத்திய முதல் வாரம் கொடுமையாக இருந்தது. கற்பூரவள்ளி அவர்கள் முன்கூட்டியே எழுதியிருக்காவிட்டால் நான் நிச்சயம் அந்தக் குழாயை மறுபடியும் எடுத்திருப்பேன். பத்தாம் நாளுக்குப் பிறகு இரவில் விழிக்காமல் உறங்கினேன். இப்போது புதிய பருக்கள் இல்லை. வெண்சங்கு அவர்களின் பதிலைப் படித்த அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தொடையிலும் தோளிலும் கரும்பழுப்புப் புள்ளிகள் நிறைய இருக்கின்றன, இவை தழும்புகளா? கீட்டோகோனசோல் கழுவலை எப்போது நிறுத்தலாம்?

வெண்சங்கு (பதில்)

படித்து மிகவும் மகிழ்ந்தேன். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பள்ளமோ மேடோ இல்லாமல் தோல் சமமாக இருந்தால் அவை தழும்புகள் அல்ல. அழற்சி ஆறும்போது தங்கிவிட்ட நிறமி. மாதங்கள் ஆகலாம், ஆனால் மங்கிவிடும். வெயிலில் ஓட்டும்போது அந்த இடங்களைத் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்துக்கொண்டால் விரைவாக மங்கும். எண்ணெய்ப் பிசுக்கில்லாத சன்ஸ்கிரீனாகத் தேர்ந்தெடுங்கள். பிசுக்கான பூச்சுகள் மலசீசியாவுக்கு உணவாகும். வெளுக்கச் செய்யும் களிம்பு என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள், அவற்றில் பலவற்றில் மீண்டும் அதே ஸ்டெராய்டு இருக்கிறது.

கழுவலை முற்றிலும் நிறுத்திவிட வேண்டாம். மலசீசியா நம் தோலின் நிரந்தரக் குடியாள். அதைத் துரத்திவிட முடியாது, அளவோடு வைத்திருக்கத்தான் முடியும். நாள்தோறும் செய்வதை இப்போது வாரம் ஒருமுறையாகக் குறைத்து, வியர்வை மிகுந்த பயிற்சி மாதங்கள் முழுவதும் தொடருங்கள். பிற்காலத்தில் வேறு எந்த நோய்க்காகவாவது நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்தால், முதல் வாரத்திலேயே இந்தக் கழுவலை மீண்டும் தொடங்கிவிடுங்கள். அந்த மருத்துவரிடமும் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.